கசகசாச் செடியின் பால்

தமிழ்நாட்டு இல்லங்களில், அஞ்சறைப் பெட்டியின் அருகே சிறு சம்படம் ஒன்றில் கசகசா இருக்கும். தேங்காயோடு சேர்த்து அரைக்கப்பெற்றுக் குருமாவிலும் பாயசத்திலும் இடம்பெறும் அவ்வித்து, மணலினும் நுண்ணியது, வெண்மை நிறத்தது, உண்பார்க்குத் தீங்கு பயவாதது. ஆயினும், கடல் கடந்து பிழைப்புத் தேடிச் செல்லும் மகனுக்கு அன்னை கட்டிக் கொடுக்கும் பொதியில் அஃது இருத்தல் ஆகாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவைக் கொண்டு செல்லுதல் குற்றமாகும். சமையலறைப் பண்டம் ஒன்று சிறைவாயிலைத் திறந்துவிடுதல் எங்ஙனம் என்பதை உணர, அது விளையும் செடியை முதற்கண் அறிதல் வேண்டும்.

மத்தியப் பிரதேசம், இராசத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் சில பகுதிகளில், அரசினர் தரும் உரிமச் சீட்டுப் பெற்ற உழவர் மட்டும் இச்செடியைப் பயிர் செய்கின்றனர். கார்த்திகை மாதத்தை ஒட்டி விதைக்கப்பெறும் செடி, தை மாசியில் வெண்மையும் செம்மையும் ஊதாவுமாகப் பூத்து நிற்கும். இதழ்கள் உதிர்ந்தபின், சிறு மாதுளம் பிஞ்சினை ஒத்த பசுங்காய், தலையில் முடி சூடியது போல் தோன்றும். அக்காய் முற்றுமுன், பிற்பகல் வேளையில், மூன்று நான்கு கூரிய முனைகள் வாய்ந்த சிறு கருவியால் உழவர் அதன் தோலை மெல்லக் கீறுவர். கீறல் ஆழமாயின் பால் உட்புறம் வடிந்து வீணாகும். மிக மேலோட்டமாயின் பால் சுரவாது. கை பழகியவர்க்கே அவ்வளவு புலப்படும். கீறிய இடத்தில் வெண்பால் துளித்து, இரவெல்லாம் காற்றில் உறைந்து, பழுப்பு நிறம் எய்தும். விடியற்காலையில் அதனை வழித்தெடுப்பர். அதுவே அபினி. காய் முற்றி உலர்ந்தபின் அதனுள் இருந்து உதிர்வது கசகசா. ஒரே காயின் புறத்தே மயக்கமும் அகத்தே மணமும் அமைந்திருத்தல் வியப்பிற்குரியதே. வித்தில் போதை இல்லை. தோலில் ஒட்டிய பாலின் சுவடு மட்டுமே சிறிது இருத்தல் கூடும்.

அபினி என்னும் சொல்லின் வரலாறும் சுவை உடையது. கிரேக்கர் இதனைச் 'சாறு' எனப் பொருள்படும் ஒரு சொல்லால் வழங்கினர். அச்சொல் அரேபியர் நாவில் 'அஃப்யூன்' ஆயிற்று. அரேபிய வணிகரோடு இப்பொருளும் இதன் பெயரும் இந்நாடு புகுந்தன. வடமொழியாளர் அவ்வயற்சொல்லைத் தம் மொழிச் சொல் போல் ஆக்க விரும்பி, 'அகிபேனம்' என்றனர். அகி என்பது பாம்பு. பேனம் என்பது நுரை. பாம்பின் நுரை என்னும் இப்பெயர், ஒலி ஒப்புமை கருதி இட்டதே ஆயினும், பொருளுக்கும் பொருந்தி நிற்றல் காண்க. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் உண்டு, அபினிக்கு இல்லை. அது பிற்காலத்தே வந்த விருந்தாளி ஆகும்.

வந்த விருந்தாளி வெறுங்கையோடு வரவில்லை. வலியைத் தணித்தல், வயிற்றுப்போக்கை நிறுத்துதல், இருமலை அடக்குதல், உறக்கம் தருதல் ஆகிய நான்கும் அபினிக்கு இயல்பு. மருந்துகள் அரிதாக இருந்த காலத்தில் இஃது எத்துணைப் பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டா. ஆயின் நோய் நீங்கிய பின்னும் மருந்து நீங்க மறுத்தமையே கேட்டின் தொடக்கம்.

அஃது ஏன் நீங்க மறுக்கின்றது என்பதனை அறிஞர் நெடுங்காலம் அறியாதிருந்தனர். 1973-ஆம் ஆண்டில், மூளையின் நரம்பணுக்களில் அபினிச் சத்துச் சென்று பொருந்துதற்கு ஏற்ற இடங்கள் உள என்பது கண்டறியப்பட்டது. பூட்டு உண்டெனில் அதற்குரிய திறவுகோலும் உடலிலேயே இருத்தல் வேண்டும் அன்றோ? 1975-இல் ஸ்காட்லாந்து நாட்டு அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்சு என்னும் அறிஞர் இருவர் அத்திறவுகோலைக் கண்டனர். வலியையும் துயரையும் ஆற்றும் பொருள் ஒன்றை மூளை தானே சிறிது சிறிதாகச் சுரந்துகொள்கிறது. அபினியோ, அதே பூட்டில் நுழையும் கள்ளத் திறவுகோல். புறத்தே இருந்து வெள்ளம் போல் அது வந்து பாயும்போது, மூளை தன் பூட்டுகளை இறுக்கிக் கொள்கிறது. அதனால் நேற்று மயக்கம் தந்த அளவு இன்று போதவில்லை. இன்றைய அளவு அடுத்த திங்களில் போதாது. முதலில் இன்பம் வேண்டி உண்டவன், பின்னர்த் துன்பம் வாராமை வேண்டி உண்கிறான். இன்பம் என்பது எப்பொழுதோ விடைபெற்றுச் சென்றிருக்கும்.

உண்ணாது விட்டால் நிகழ்வது யாது? சில மணி நேரத்தில் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், கொட்டாவி ஓயாது, மயிர் சிலிர்க்கும், எலும்புகள் நொறுங்குவன போல் கைகால்கள் வலிக்கும், வயிறு கலங்கும், உறக்கம் அணுகாது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் இவ்வேதனை தணியும். தணிந்த பின்னரே பேரிடர் காத்திருக்கிறது என்பதைப் பலர் அறியார். விட்டிருந்த நாளில் உடல் தன் பழைய தாங்கும் ஆற்றலை இழந்துவிடும். அதனை உணராது, முன்பு கொண்ட அளவையே மீண்டும் கொள்பவனுக்கு மூச்சினை இயக்கும் மூளைப் பகுதி அடங்கிவிடும். அவன் உறங்குவது போலவே இறந்துபோவான். சிறையினின்றும் மருத்துவ மனையினின்றும் வெளிவந்த சில நாளில் இங்ஙனம் மாண்டோர் பலர்.

ஒருவன் உடலில் நிகழும் இச்சிறைப்பாடு, ஒரு நாட்டின் உடலில் நிகழ்ந்தால் எங்ஙனம் இருக்கும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் சீன தேசம் அதற்குச் சான்று பகரும்.

அக்காலத்தில் ஆங்கிலேயர்க்குத் தேயிலை மீது வேட்கை மிகுந்தது. தேயிலை சீனத்தில் விளைந்தது. சீனரோ ஆங்கிலேயரின் பண்டங்களைப் பெரிதும் விரும்பினாரல்லர். வெள்ளியையே விலையாக வேண்டினர். வெள்ளி கப்பல் கப்பலாகச் சென்றது. சென்ற வெள்ளியை மீட்க வழி தேடிய கிழக்கிந்தியக் கம்பெனியார்க்கு, வங்காளத்திலும் பீகாரிலும் விளைந்த அபினி கண்ணிற்பட்டது. 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் அபினி வாங்கும் தனியுரிமையைக் கம்பெனி கைக்கொண்டது. உழவர்க்கு முன்பணம் தரப்பட்டது. விலையைக் கம்பெனியே குறித்தது. நெல்லும் கோதுமையும் விளைய வேண்டிய நல்ல நிலங்களில் அபினிச் செடி பூத்தது. பாட்னாவிலும் காசிப்பூரிலும் இருந்த ஆலைகளில் அபினியைத் தலையளவு உருண்டையாக்கி, அச்செடியின் இதழ்களாலேயே போர்த்தி, பெட்டிக்கு நாற்பதாக அடுக்கினர். பெட்டிகள் கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டன. அதற்கு அப்பால் கம்பெனி தன் கைகளைக் கழுவிக்கொண்டது. சீனப் பேரரசின் சட்டப்படி அபினி விலக்கப்பட்ட பொருளாதலின், அதனைக் கடத்திச் செல்லும் பழியைத் தனி வணிகர் ஏற்றனர். விற்றது குற்றமன்று, கொண்டு சென்றதே குற்றம் என்னும் இந்நேர்மை நயத்தை என்னென்பது!

1729-ஆம் ஆண்டில் சீனப் பேரரசர் முதன் முதலாகத் தடை விதித்தபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ இருநூறு பெட்டிகளே அந்நாட்டை அடைந்தன. 1830-ஆம் ஆண்டுகளின் இறுதியில் அத்தொகை முப்பதினாயிரத்தைக் கடந்துவிட்டது. ஒரு பெட்டியின் நிறை ஏறத்தாழ 64 கிலோகிராம். படைவீரரும் அலுவலரும் அரண்மனைப் பணியாளரும் புகைக்குழலும் கையுமாகக் கிடந்தனர். முன்பு உள்நோக்கி வந்த வெள்ளி, இப்பொழுது வெளிநோக்கி ஓடியது. வெள்ளி அருகவே அதன் மதிப்பு உயர்ந்தது. செப்புக் காசில் வருவாய் ஈட்டி, வெள்ளிக் கணக்கில் வரி செலுத்த வேண்டிய குடியானவன், புகைக்குழலைத் தொட்டறியாதவனாயினும் துன்புற்றான். ஒருவன் உண்ட நஞ்சு உண்ணாதவனையும் கொல்லுதல் இங்ஙனமே.

இந்நிலையில், பேரரசரின் ஆணை தாங்கி 1839-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காண்டன் நகருக்கு வந்தவர் லின் செஷூ என்பார். கையூட்டிற்கு இணங்காதவர், நூலறிவு மிக்கவர், சொல்லிய வண்ணம் செய்பவர். வணிகர் தம் அபினியை ஒப்படைக்க வேண்டும் என ஆணையிட்டு, அவர்தம் இருப்பிடங்களைச் சூழ்ந்து காவல் வைத்தார். இருபதினாயிரத்திற்கு மேற்பட்ட பெட்டிகள் அவர் கைக்கு வந்தன. சூன் திங்கள் 3-ஆம் நாள் தொடங்கி, ஹூமன் கடற்கரையில் பெருங்குழிகள் தோண்டி, நீரும் உப்பும் சுண்ணாம்பும் இட்டு, அபினியைக் கரைத்துக் கடலில் விட்டனர். ஏறத்தாழ மூன்று வாரங்கள் இப்பணி நடந்தது. இவ்வழுக்கைக் கடலிற் கலப்பதற்காகக் கடல் தெய்வத்திடம் பொறுத்தருள வேண்டி லின் முன்னரே வழிபாடு செய்தார். நீர்வாழ் உயிர்கள் சிறிது காலம் விலகிச் செல்லுமாறு வேண்டினார். மீனுக்கு இரங்கிய அந்நெஞ்சம், நாட்டிற்கு இரங்கியமை வியப்பன்று.

இங்கிலாந்து அரசி விக்டோரியாவுக்கு அவர் ஒரு மடலும் வரைந்தார். உம் நாட்டில் விலக்கிய பொருளைப் பிறர் நாட்டிற்கு விடுப்பது அறமாகுமோ என்பது அதன் கருத்து. அரசியார் அதனைக் கண்டதற்குச் சான்று இல்லை. லின் ஒன்றில் பிழைபட்டார். இங்கிலாந்தில் அந்நாளில் அபினி விலக்கப்படவில்லை. மருந்துக் கடைகளில் எவரும் வாங்கலாம்; அழும் குழந்தையை உறங்க வைக்கவும் கொடுத்தனர். பிறர்க்குத் தந்ததைத் தாமும் உண்டனர் என்பது உண்மை; ஆயினும், வேண்டா என்று கதவடைத்தவன் வாயில் திணித்தமைக்கு அது விடையாகாது.

விடை பீரங்கியின் வாயால் வந்தது. போரின் நேர்மையைப் பற்றி 1840-இல் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் சொற்போர் நிகழ்ந்தது. கிளாட்ஸ்டன் என்பார் அப்போரை வன்மையாகக் கண்டித்தார். அரசாங்கத்தினர் ஒன்பது வாக்குகளால் பிழைத்தனர். ஒன்பது வாக்குகள்! போர்க்கப்பல்கள் சென்றன.

அப்போரில் தமிழ்நாட்டிற்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை இராசதானியின் 37-ஆம் காலாட்படை காண்டன் நகர்ப்புறத்தே போரிட்டது. 1841-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், சன்யுவான்லி என்னும் சிற்றூரின் அருகே, இடியும் மழையும் கலந்த ஒரு மாலையில், அப்படையின் சிறு பிரிவொன்று வயல்வெளியில் வழிதப்பிற்று. மழையில் நனைந்த துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. ஈட்டியும் கழியும் ஏந்திய ஊர் மக்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டனர். நாற்புறமும் நோக்கிச் சதுரமாக நின்று, துப்பாக்கி முனைக் கத்திகளால் தம்மைக் காத்து நின்றனர் அவ்வீரர். நனையாத புதுவகைத் துப்பாக்கியோடு வந்த கடற்படையினர் பின்னர் அவர்களை மீட்டனர். வந்து சூழ்ந்தவரும் உழவர். சூழப்பட்டவரும் உழவர் வீட்டுப் பிள்ளைகள். எப்பொருளின் பொருட்டுத் தாம் அங்கே நிற்கின்றனர் என்பதை அவருள் எத்துணைப் பேர் அறிந்திருந்தனரோ!

1842-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் நான்கிங் உடன்படிக்கை ஏற்பட்டது. ஹாங்காங் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. அது சீனத்திற்கு மீண்டது 1997-இல். ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. இரண்டு கோடியே பத்து இலட்சம் வெள்ளி நாணயங்களைச் சீனர் இறுக்க வேண்டியதாயிற்று. அழிக்கப்பட்ட அபினியின் விலையும் அதனுள் அடங்கும். லின் செஷூ போர் முடியுமுன்னரே பதவி இழந்து, தொலை மேற்கே இலி என்னும் எல்லைப்புறத்திற்கு அனுப்பப்பட்டார். இரண்டாம் முறையும் போர் மூண்டு, 1858-இல் அபினி வாணிகம் சட்டப்படி ஒப்புக்கொள்ளப்பட்டது.

இவ்வாணிகத்தால் இந்திய அரசின் வருவாயில் ஒரு காலத்தே ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கிடைத்தது. தாதாபாய் நௌரோசி இதனை இழிந்த வருவாய் எனக் கண்டித்தார். இரவீந்திரநாத தாகூர், இருபதாண்டு நிரம்பும் பருவத்தே, 1881-இல் 'சீனத்தில் மரண வாணிகம்' என்னும் பொருள்படும் கட்டுரையை வங்க மொழியில் எழுதினார். அவருடைய பாட்டனார் துவாரகநாதரே அபினி வாணிகத்தில் ஈடுபட்டவர் என்பதை நினைக்குங்கால், அவ்விளைஞரின் துணிவு விளங்கும். பின்னர் 1907-இல் ஏற்றுமதியை ஆண்டுதோறும் குறைக்க உடன்பாடு ஏற்பட்டு, 1913-இல் சீனத்திற்கு அபினி அனுப்புதல் நின்றது. 1912-இல் ஹேக் நகரில் அபினி பற்றிய உலக உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

பெட்டிகள் நின்றன, ஆயின் நஞ்சு வேறு வடிவம் கொண்டது. 1805-ஆம் ஆண்டை ஒட்டி, செர்டூர்னர் என்னும் செர்மானிய மருந்தாளர் அபினியினின்றும் அதன் உயிர்ச் சத்தைப் பிரித்து, கனவுக்குரிய கிரேக்கத் தெய்வத்தின் பெயரால் 'மார்பியா' என வழங்கினார். 1898-இல் பேயர் என்னும் செர்மானிய நிறுவனத்தார், அம்மார்பியாவினின்றும் ஆக்கப்பெற்ற மற்றொரு பொருளை 'ஹெராயின்' எனப் பெயரிட்டு இருமல் மருந்தாக விற்றனர். அது மூளையை விரைந்து பற்றும் இயல்பினது என்பது பிற்பாடே தெளிவாயிற்று. இந்நாளில் 'ஃபெண்டானில்' என ஒன்று உண்டு, செடியே வேண்டா, வேதிப் பொருள்களால் ஆக்கப்படுவது, ஹெராயினினும் ஐம்பது மடங்கு வன்மை உடையது. அதனையே பெருங்காரணமாகக் கொண்டு, 2022-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க ஐக்கிய நாட்டில் போதைப் பொருள் மிகைப்பட்டு மாண்டோர் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டவர்.

போதைக்கு ஆட்பட்டோன் இல்லத்தில் முதலில் காணாமற் போவது பணமன்று, நம்பிக்கையே. பிறகே கைக்கடிகாரமும், பித்தளைப் பாத்திரமும், மனைவியின் காதணியும் அடகுக் கடைக்குப் போகும். பொய் சொல்லி அறியாதவன் நாவில் பொய் தடையின்றி வரும். தந்தையின் காலடி ஓசையைக் கொண்டே அன்றைய இரவு எப்படிக் கழியும் என்பதைக் கணிக்கப் பிள்ளைகள் பழகிவிடுவர். ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்து கொண்டமையால், மணிப்பூர் மாநிலத்தில் 1990-ஆம் ஆண்டை ஒட்டி எய்ட்ஸ் நோய்க் கிருமி இளைஞரிடையே பரவி, அவர்தம் மனைவியரையும் பற்றியது. ஊசியைக் கண்டும் அறியாத பெண்டிர் அவர்.

மனவலிமை இல்லாமையே இதற்குக் காரணம் என எளிதிற் கூறுவோர் உளர். வியட்நாம் போரில் ஈடுபட்ட அமெரிக்க வீரரைப் பற்றி இலீ இராபின்ஸ் அம்மையார் செய்த ஆய்வு அவர் கருதற்குரியது. அந்நாட்டில் இருந்தபோது அவ்வீரருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அடிமைப்பட்டிருந்தனர். 1971-இல் நாடு திரும்பிய பின், முதலாண்டில் மீண்டும் அந்நிலை எய்தினோர், அடிமைப்பட்டிருந்தாருள் நூற்றுக்கு ஐவர் அளவினரே. அச்சமும் தனிமையும் எளிதிற் கிடைக்கும் ஹெராயினும் சூழ்ந்த இடத்தில் வீழ்ந்தவர், வீடும் தொழிலும் சுற்றமும் வாய்த்த இடத்தில் எழுந்தனர். மனம் ஒன்றே காரணமாயின், கடல் கடந்ததும் அது மாறியது எங்ஙனம்?

ஆதலின் இக்காலத்து மருத்துவர் இதனை ஒழுக்கக் கேடு என்று ஒதுக்காது, நோய் எனக் கொண்டு மருந்து தருகின்றனர். மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்பன வேட்கையைத் தணித்து, ஊசியினின்றும் விலகச் செய்வன. நலாக்சோன் என்பது, அடங்கும் மூச்சைச் சில நிமிடத்தில் மீட்பது. பூட்டினின்றும் கள்ளத் திறவுகோலைப் பிடுங்கி எறிவது. போதைப் பொருள் பற்றி 1985-இல் இயற்றப்பெற்ற இந்தியச் சட்டம் கடுந்தண்டனை விதிக்கிறது. ஆயினும், சிறு அளவு தொடர்பான குற்றத்திற்கு ஆளான அடிமைப்பட்டோர் தாமே முன்வந்து சிகிச்சையை மேற்கொள்வாராயின் வழக்கினின்றும் விலக்குப் பெறவும் அதில் இடம் உண்டு. இதனை அறியாமல், அஞ்சி ஒளிந்து அழிந்தோர் மிகப் பலர்.

அச்சட்டத்தால் எதிர்பாராத ஒரு கேடும் விளைந்தது. புற்றுநோய் முற்றியோர் படும் வலிக்கு மார்பியாவே தக்க மருந்து. சட்டத்தின் கடுமைக்கு அஞ்சி மருத்துவமனைகள் அதனை வைத்திருக்கவே தயங்கின. மருந்திற்காக அபினியை விளைவிக்கும் நாட்டிலேயே, நோயாளர் அம்மருந்தின்றி இரவெல்லாம் அலறினர். கேரளத்தில் மருத்துவர் எம். ஆர். இராசகோபால் முதலியோர் பல்லாண்டு முயன்றதன் பயனாக, 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது; பல உரிமச் சீட்டுகள் பெற வேண்டிய இடத்தில் ஒன்றே போதும் என்றாயிற்று. அன்று சீனத்திற்குப் பெட்டிகளை நிரப்பிய காசிப்பூர் ஆலை, இன்று மருத்துவத்திற்குரிய சத்துகளைப் பிரித்தெடுக்கிறது. அதன் கழிவுநீரைப் பருகிய குரங்குகள் மதிலின் மீது மயங்கிக் கிடக்கும் என்பர். மருந்து சென்று சேர்ந்த ஊர்களில், வலி தணிந்த நோயாளர் தம் வீட்டுக் கட்டிலில், தம் மக்கள் அருகிருக்க, உறங்குகின்றனர். சென்று சேராத ஊர்கள் இன்னும் பல உள.